ஃபிளாரன்ஸில் நான்கு நாள்: பாதியில் நின்ற வேலைகளைப் பாருங்கள்

கேள்வி: மதுரையில் பி.ஆர்க். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அக்டோபரில் மிலானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கிருந்து ஃபிளாரன்ஸுக்கு நான்கு நாள் தனியாகப் போய்வர அக்கா ரயில் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்ததும் துறையில் ஒரு கேஸ் ஸ்டடி கொடுக்க வேண்டும். தேடித் தேடி 41 கட்டடங்களுக்குப் பட்டியல் போட்டுவிட்டேன். எதை விடுவது என்று தெரியவில்லை. இடையில் ஒரு நாள் பீசாவையும் சியேனாவையும் பார்த்துவிடலாமா? வழிகாட்டியோடு போவது நல்லதா? கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: 41-ஐயும் பார்த்துவிடலாம், அதில் சந்தேகமே வேண்டாம். ஃபிளாரன்ஸின் பழைய நகரம் சின்னது. ரயில் நிலையத்திலிருந்து கதீட்ரலுக்குப் பத்து நிமிட நடை, அங்கிருந்து ஆர்னோ ஆற்றுக்கு இன்னொரு பத்து நிமிடம். காலையில் கிளம்பினால் இரவுக்குள் பத்துக் கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் ஜூரியில், அதாவது உங்கள் வேலையை மதிப்பிடும் கூட்டத்தில், யாராவது, "சரி, அந்தச் சுவர் எவ்வளவு கனம்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கும். மாணவர்களின் பயண அறிக்கைகளில் நான் பார்க்கும் பெரிய குறையே இதுதான். எலிவேஷன் என்னும் வெளிமுகப் படம் நாற்பது இருக்கும், செக்‌ஷன் என்னும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றுகூட இருக்காது.

ஆகவே பட்டியலை ஐந்தாறாகக் குறையுங்கள். எப்படிக் குறைப்பது என்பதற்கு என் யோசனை இது: வேலை பாதியில் நின்றுபோன கட்டடங்களாகப் பொறுக்குங்கள். ஃபிளாரன்ஸில் அதற்குப் பஞ்சமே இல்லை. பணம் தீர்ந்தது, போப் மனம் மாறினார், பக்கத்து வீட்டுக்காரர் மனையை விற்கவில்லை என்று காரணம் பலவிதம். முடித்த கட்டடத்தில் எல்லாம் மெழுகி மூடியிருக்கும். நின்றுபோன இடத்தில் கிளாடிங்குக்கு, அதாவது மேலே போர்த்தும் கல் தோலுக்கு, பின்னால் என்ன இருக்கிறது, கல்லை எப்படிப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதெல்லாம் வெளியே தெரியும். மாணவருக்கு வேண்டியது அதுதான்.

கதீட்ரலிலிருந்தே ஆரம்பிக்கலாம். எல்லோரும் முகப்பின் எதிரில்தான் குவிவார்கள். அந்தப் பளிங்கு முகப்பு 19-ஆம் நூற்றாண்டு வேலை, 1887-இல்தான் முடிந்தது. கட்டடம் தொடங்கியது 1296-இல். கிட்டத்தட்ட அறுநூறு வருடம் பிந்தி வந்த அந்த முகப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டடத்தைச் சுற்றித் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள். அங்கே நின்று டோம் உட்கார்ந்திருக்கும் எண்கோண டிரம்மை அண்ணாந்து பாருங்கள். அதன் தலைப்பில் ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளைப் பளிங்கில் வளைவு வளைவாக ஒரு மாடம் ஓடுகிறது. மற்ற ஏழு பக்கங்களிலும் சொரசொரப்பான வெறும் கட்டுமானம்தான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாச்சோ தாஞ்ஞோலோ அந்த மாடத்தைக் கட்ட ஆரம்பித்தார். மைக்கலாஞ்சலோ அதைப் பார்த்துவிட்டு "சிள்வண்டுக் கூண்டு" என்று கேலி செய்தாராம், வேலை அத்தோடு நின்றதாம். கேலிதான் காரணமா என்பது இருக்கட்டும். மீதி ஏழு பக்கம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. எட்டில் ஒன்றையும் மீதி ஏழையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். அந்த அலங்காரம் டோமின் அளவுக்குச் சரிப்பட்டதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் மைக்கலாஞ்சலோ பக்கம்தான் நான்.

டோமின் மேலே கட்டாயம் ஏறுங்கள். 463 படி, லிஃப்ட் கிடையாது, குறுகலான வழி. மேலிருந்து தெரியும் ஊர்க் காட்சிக்காக ஏறச் சொல்லவில்லை. அதுதான் வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் ஜொத்தோவின் மணிக்கோபுரம் போதும், அங்கே 414 படிதான், டோமும் நன்றாகத் தெரியும். டோமில் ஏற வேண்டியது வழிக்காக. புருனெல்லெஸ்கி இதை இரண்டு கூடாகக் கட்டினார். உள்ளே கனமான கூடு, வெளியே அதைவிட மெல்லிய இன்னொரு கூடு. நீங்கள் ஏறுவது இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில். ஒரு பக்கச் சுவர் உங்கள் மேல் சாய்ந்துகொண்டே வரும்.

1418-இல் இதற்குப் போட்டி அறிவித்தபோது இருந்த சிக்கல் நம் ஊர்க் கொத்தனாருக்கும் உடனே புரியும். உள்விட்டம் சுமார் 45 மீட்டர். அடியிலிருந்து சாரம் கட்டி, அவ்வளவு அகலத்துக்கும் சென்ட்ரிங் அடித்துத்தான் வளைவு எழுப்புவது வழக்கம். அதற்கு வேண்டிய மரத்துக்கு எங்கே போவது? புருனெல்லெஸ்கி சென்ட்ரிங்கே இல்லாமல் கட்டுகிறேன் என்றார். தொழிலால் பொற்கொல்லர். 1420-இல் தொடங்கி 1436-இல் கட்டியும் முடித்துவிட்டார், உச்சியிலுள்ள விளக்குமாடம் மட்டும் அவர் இறந்த பிறகு முடிந்தது.

அது எப்படி நின்றது என்பதற்கான விடையை அந்தச் சந்துச் சுவரிலேயே தேடுங்கள். பூசாத செங்கல் தெரியும் இடங்களில் படுக்கை வரிசைகளுக்கு இடையே, விட்டு விட்டு, ஒரு செங்கல் மட்டும் நெட்டுக்குத்தாக நிற்கும். அடுத்த வரிசையில் அது கொஞ்சம் தள்ளி நிற்கும், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். இப்படியே அது சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டே போகும். மேலே போகப் போக வளைவு உள்பக்கம் சாய்வதால், அன்று வைத்த செங்கல் கலவை இறுகுவதற்குள் வழுக்கி விழப் பார்க்கும். அலமாரியில் புத்தக வரிசை சரியாமல் இருக்க ஓரத்தில் ஒரு கனமான பொருளை வைப்போமே, அந்த வேலையைத்தான் இந்த நெட்டுக்கல் செய்கிறது. வரிசை ஒரு முழு வளையமாக மூடிவிட்டால் அப்புறம் அது தானே நின்றுகொள்ளும். இதற்கு மேல் கல், இரும்பு, மரம் என்று சங்கிலிகளும் சுற்றிப் போட்டிருக்கிறார்கள், பீப்பாய்க்குப் பட்டை போடுவதுபோல என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஏறும்போது பின்னால் வருபவர்கள் அவசரப்படுத்துவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, அகலமான திருப்பமாகப் பார்த்து நின்று, அந்த நெட்டுக்கல்லை ஒரு சின்னக் கிறுக்கலாகவாவது வரைந்துவிடுங்கள்.

உங்கள் கேஸ் ஸ்டடிக்கு டோமை எடுக்காதீர்கள். நான்கு நாளில் அளக்கக்கூடிய விஷயம் இல்லை அது. அதற்குப் பொருத்தமான இடம் கதீட்ரலிலிருந்து வடகிழக்கே கொஞ்ச தூரத்தில், சான்டிசிமா அன்னுன்சியாட்டா சதுக்கத்தில் இருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகப் பட்டு வணிகர் சங்கம் கட்டிய இல்லம், ஓஸ்பெதாலே தெல்யி இன்னொசெந்தி. 1419-இல் புருனெல்லெஸ்கி தொடங்கியது. ஒன்பது வளைவு கொண்ட அதன் முன் தாழ்வாரத்தில் நிற்க டிக்கெட் வேண்டாம், யாரும் விரட்டமாட்டார்கள், படியில் உட்கார்ந்து நாள் முழுக்க வரையலாம்.

இங்கே அளவு நாடாவை எடுங்கள். ஃபிளாரன்ஸின் பழைய அளவு ப்ராச்சோ, ஒரு ப்ராச்சோ 58.36 செ.மீ. தூணின் உயரம், தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி, தூணிலிருந்து பின்சுவர் வரை ஆழம் மூன்றும் பத்துப் பத்து ப்ராச்சோ என்பது கணக்கு. அதாவது ஒவ்வொரு கண்ணியும் (தூணுக்குத் தூண் இடைப்பட்ட ஒரு பகுதி) சுமார் 5.84 மீட்டர் கன சதுரம், அதன் தலையில் ஒரு சின்ன டோம். இடைவெளியையும் ஆழத்தையும் நேராகவே அளந்துவிடலாம். உயரத்துக்குத் தூணின் பக்கத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் சாய்க்காமல் நிறுத்தி, தள்ளி நின்று படம் எடுத்து, விகிதம் போட்டுக்கொள்ளுங்கள். எங்கிருந்து எதுவரை அளந்தீர்கள், தூணின் மையத்திலிருந்தா விளிம்பிலிருந்தா என்று மறக்காமல் குறியுங்கள். நீங்கள் அளப்பதற்கும் 5.84-க்கும் வித்தியாசம் வரும், வரத்தான் செய்யும். அந்த வித்தியாசத்தை மறைக்காமல் அட்டவணையாகப் போட்டுவிடுங்கள். ஒரு கண்ணியின் பிளான், செக்‌ஷன், எலிவேஷன் மூன்றும் 1:50-இல் இருந்தால் உங்கள் கேஸ் ஸ்டடி முக்கால்வாசி முடிந்தது.

அங்கே இன்னொன்றையும் பாருங்கள். தூண் வரிசைக்கு மேலே முகப்பின் நீளத்துக்கும் ஓடும் கல் உத்திரப் பட்டை முனையில் நேராக முடியாமல் மடங்கிக் கீழ்நோக்கி இறங்கும். உத்திரம் படுத்திருக்க வேண்டியது, அது ஏன் தரைக்கு வருகிறது? கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வாசாரி ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். புருனெல்லெஸ்கி ஊரில் இல்லாத நேரம் மேற்பார்வை பார்த்தவர் இப்படிச் செய்துவிட்டாராம். திரும்பி வந்தவர் கோபத்தோடு கேட்க, கதீட்ரலுக்கு எதிரிலிருக்கும் ஞானஸ்நானக் கட்டடமான பாப்டிஸ்டரியில் இப்படித்தானே இருக்கிறது, அதைப் பார்த்துச் செய்தேன் என்று இவர் பதில் சொன்னாராம். "அந்தக் கட்டடத்தில் இருப்பதே ஒரு தப்புதான், அதைப் போய் எடுத்து வைத்திருக்கிறாயே" என்றாராம் புருனெல்லெஸ்கி. பாப்டிஸ்டரிக்குப் போகும்போது அந்த மடங்கலையும் தேடிப் பாருங்கள்.

அளவு வேலைக்கு முதல் நாளையும், விட்டதைச் சரிபார்க்கக் கடைசி நாள் காலையையும் ஒதுக்குங்கள். நாலாம் நாள் மட்டும் போனால் விட்டுப்போன அளவை எடுக்க மதுரையிலிருந்து திரும்ப வரவா முடியும்?

அடுத்தது பலாட்சோ ருச்செல்லாய், வியா தெல்லா விஞ்ஞா நுவோவா தெருவில். ஆல்பெர்ட்டியின் வடிவமைப்பு, 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வீட்டு முகப்பில் மூன்று மாடிக்கும் பட்டைத் தூண்களை அடுக்கி வைத்த முதல் கட்டடங்களில் ஒன்று என்று உங்கள் ஆசிரியர் சொல்லியிருப்பார். நீங்கள் வலது ஓரத்துக்குப் போங்கள். ஏழு கண்ணி முழுதாக இருக்கும், எட்டாவது தொடங்கிய மாத்திரத்தில் நின்றிருக்கும். பக்கத்து மனை கைக்கு வரவில்லை என்பார்கள். கல்வரிசைகள் கடித்த ரொட்டிபோல வெட்டவெளியில் நிற்கும். முகப்பு எவ்வளவு கனமான தோல், அதன் பின்னால் பழைய வீடு எங்கே ஆரம்பிக்கிறது என்று அங்கேதான் பிடிபடும். அப்புறம் சுவரின் அருகே போய்க் கல் இடுக்குகளைப் பாருங்கள். முகப்பில் தெரியும் கட்டங்கள் எல்லாம் உண்மையான கல்லின் விளிம்பு அல்ல. பல இடங்களில் பெரிய கல்லின் முகத்தில் பள்ளம் வெட்டி இரண்டு கல்போலக் காட்டியிருக்கிறார்கள். நிஜ இடுக்கு எது, வெட்டிய கோடு எது என்று ஒரு சதுர மீட்டரை மட்டும் எடுத்து இரண்டு நிறத்தில் வரையுங்கள். கிளாடிங் பற்றி வகுப்பில் வரும் சண்டைக்கெல்லாம் அந்த ஒரு தாள் போதும்.

தெரு குறுகல் என்பதால் முழு முகப்பும் கேமராவில் அடங்காது. அடங்காமல் போகட்டும்.

மூன்றாவதாக சான் லொரென்சோ. ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் தேவாலயம், பழுப்பு நிற முரட்டுக் கல் முகப்போடு நிற்கும். கிடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. மெடிச்சி குடும்பத்தைச் சேர்ந்த போப் பத்தாம் லியோ இதற்குப் பளிங்கு முகப்பு போட மைக்கலாஞ்சலோவை அமர்த்தினார். அவர் கல் வெட்டும் இடங்களில் காலம் கழித்தார், மர மாதிரிகூடச் செய்தாயிற்று. 1520-இல் ஒப்பந்தம் ரத்து. பளிங்கு முகப்பு எழவே இல்லை.

உள்ளே போனால் வேறு உலகம். வெள்ளைப் பூச்சுச் சுவரில் சாம்பல் நிறக் கல்லால் கோடு போட்டதுபோலத் தூணும் வளைவும். அந்தச் சாம்பல் கல் பியெத்ரா செரேனா, வெளியே பார்த்த பழுப்புக் கல் பியெத்ரா ஃபோர்த்தே. இந்த இரண்டையும் அடையாளம் கண்டுகொண்டால் ஃபிளாரன்ஸில் பாதி உங்களுக்குப் புரிந்துவிடும். செரேனா செதுக்க இணக்கமானது, கூர்மையான விளிம்பு நிற்கும், ஆனால் மழை வெயிலில் தோல் தோலாக உரியும். ஃபோர்த்தே தாங்கும். அதனால்தான் அது தெருவுக்கு, இது உள்ளுக்கு. விதியை மீறிச் செரேனாவை வெளியே வைத்த இடங்களும் உண்டு. உஃபிட்ஸி அருங்காட்சியகத்தின் தூண்களைத் தொட்டுப் பாருங்கள், என்ன ஆகும் என்று தெரியும்.

அதே வளாகத்தில், மாடியில், மைக்கலாஞ்சலோவின் லாரென்சியன் நூலகம். அதற்குத் தனி டிக்கெட், திறக்கும் நேரமும் குறைவு, போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்கூடத்தில் மட்டும் ஒரு மணி நேரம் நில்லுங்கள். தூண் என்றால் சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும், இங்கே சுவருக்குள் குழி வெட்டி ஜோடி ஜோடியாகச் சொருகியிருக்கும். அவற்றின் கீழே பெரிய சுருள் தாங்கிகள், எதையும் தாங்குவதாகக் கண்ணுக்குப் படாது. அகலத்தைவிட உயரம் அதிகமான அறை, அதன் தரையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு மூன்று பிரிவாக வழிந்து இறங்கும் படிக்கட்டு. மைக்கலாஞ்சலோ 1534-இல் ரோமுக்குப் போய்விட்டுத் திரும்பவே இல்லை. பிற்காலத்தில் அங்கிருந்து ஒரு களிமண் மாதிரி அனுப்பினார், அதை வைத்துக் கட்டடக் கலைஞர் அம்மன்னாத்தி 1559-இல் படிக்கட்டைக் கட்டினார். நடுப்பிரிவுப் படிகள் நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து புடைத்திருப்பதைப் பார்த்து, ஒரே ஒரு படியின் பிளானை மட்டும் வரைந்துகொள்ளுங்கள்.

மீதியை நேரம் கிடைத்தபடி பாருங்கள். ஆற்றின் தென்கரையில் சான்டோ ஸ்பிரிட்டோ: முகப்பு வெறும் பூச்சு, உள்ளே புருனெல்லெஸ்கியின் கணக்கு அச்சுப் பிசகாமல் சுற்றி வரும். பொந்தே வெக்கியோ பாலத்தில் நகைக்கடைகளுக்கு மேலே போகும் வாசாரி நடைவழி 1565-இல் ஐந்தே மாதத்தில் கட்டியது. பாலத்தின் தென்முனையில் மன்னெல்லி குடும்பம் தன் கோபுரத்தை இடிக்கச் சம்மதிக்கவில்லை. அதனால் ஊரை ஆண்ட டியூக்கின் நடைவழியே அந்தக் கோபுரத்தைச் சுற்றி, கல் தாங்கிகள்மேல் தொற்றிக்கொண்டு போகிறது. கீழே நின்று அந்தத் தாங்கிகளைப் பாருங்கள், காசு செலவில்லை.

அப்புறம் உங்கள் பட்டியலில் நிச்சயம் இருக்காத ஒன்று, நீங்கள் வந்து இறங்கும் ரயில் நிலையமே. சாந்தா மரியா நொவெல்லா நிலையம் ஜொவான்னி மிக்கெலூச்சி தலைமையில் இளம் கட்டடக் கலைஞர் குழு ஒன்று போட்டியில் வென்று கட்டியது, 1935-இல் திறந்தார்கள். எதிரில் அதே பெயருள்ள இடைக்காலத் தேவாலயத்தின் பின்புறம். நிலையத்துக்கும் ஃபோர்த்தே கல்லையே போட்டு, உயரத்தைத் தாழ்த்தி, நீளமாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். அலங்காரம் எதையும் நகல் எடுக்கவில்லை. பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் புதியது கட்டுவது எப்படி என்று உங்களுக்கு நான்காம் ஆண்டில் ஒரு டிசைன் வரும், அப்போது இது உதவும். ரயில் பிடிக்க அரை மணி முன்னதாக வந்து, கூரையிலிருந்து வாசல் பக்கம் இறங்கும் அந்தக் கண்ணாடிப் பட்டையின் கீழே நின்று பாருங்கள்.

இனி மற்ற கேள்விகள். பீசா, சியேனா இரண்டும் வேண்டாம். ஒரே நாளில் இரண்டையும் முடிப்பது என்றால் பாதிப் பகல் ரயிலிலும் பஸ்ஸிலும்தான் போகும். சாய்ந்த கோபுரத்தைத் தாங்குவதுபோல ஒரு போட்டோ இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. கால் சும்மா இருக்காது என்றால் ஒரு சாயங்காலம் தென்கரைக் குன்றின் மேல் சான் மினியாட்டோவுக்கு ஏறுங்கள். 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, பச்சையும் வெள்ளையுமாகப் பளிங்கு முகப்பு, நுழைவுக் கட்டணம் இல்லை.

வழிகாட்டியும் தேவையில்லை. பொதுவான சுற்றுலாக்களில் மெடிச்சிகளின் கொலைக் கதையும் காதல் கதையும்தான் ஓடும். சுவாரசியம்தான், ஆனால் குழு நகரும்போது நீங்களும் நகர வேண்டும், வரைய முடியாது. அந்தப் பணத்தில் கதீட்ரல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், டோமின் பழைய மர மாதிரிகள் அங்கே இருக்கின்றன.

புதுக் கேமரா வாங்காதீர்கள், கைபேசி போதும். ட்ரைபாட் தூக்கிப் போனால் பெரும்பாலான இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். ஏ5 நோட்டு, 2பி, 4பி பென்சில், ஐந்து மீட்டர் நாடா, நன்றாகப் பழகிய செருப்பு அல்லது ஷூ, இவ்வளவுதான். தேவாலயங்களுக்குள் நாடாவை நீட்டும் முன் அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தரையின் கல் பதிப்பை எண்ணியே பாதி அளவு எடுத்துவிடலாம். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். பல தேவாலயங்கள் மதியத்தில் சாத்தியிருக்கும். உஃபிட்ஸி திங்கட்கிழமை விடுமுறை. அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரை தரும் 2 யூரோ சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கானது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். காப்பியைக் கவுண்டரில் நின்றே குடியுங்கள், மேசையில் உட்கார்ந்தால் விலை வேறு.

டோமுக்கு மட்டும் நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் இடம் கிடைக்காது. மிலான் ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லி அதை முதலில் போடச் சொல்லுங்கள். காலை முதல் நேரமாக இருந்தால் படிகளில் நெரிசல் குறைவு. பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறவிடுவார்கள், ஆகவே நோட்டையும் பென்சிலையும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.